நீளமான பிரஷர் லைனில் ஏர் வால்வு அவசியமா, வீண் செலவா?

மேட்டுக்குழாய்82

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பம்பிங் மெயின் (பம்ப் தண்ணீரைத் தள்ளும் பிரதான லைன்) 6 கிலோமீட்டர் நீளம், 300 மி.மீ. டி.ஐ. (டக்டைல் அயர்ன் என்ற இரும்பு) பைப். கடைசியில் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் விழுகிறது. பம்ப் ஹவுஸ் மட்டத்திலிருந்து தொட்டியின் நுழைவாய் 35 மீட்டர் உயரம். வடிவமைப்பில் மணிக்கு 180 கன மீட்டர் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அது கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது 150-ல் நிற்கிறது. பம்பின் வெளியேற்றுப் பக்கத்தில் உள்ள டெலிவரி கேஜ் மட்டும் 58 மீட்டர் ஹெட் (நீர் உயரக் கணக்கில் அழுத்தம்) காட்டுகிறது. முன்பு 46 பக்கம்தான் இருக்கும்.

பம்பைப் பிரித்துப் பார்த்தாயிற்று, இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) நன்றாக இருக்கிறது. லைன் முழுக்க நடந்து பார்த்தோம், கசிவு இல்லை. ஒருவர் "ஏர் வால்வு (பைப்பில் சேரும் காற்றை வெளியே விட்டு, தேவைப்பட்டால் உள்ளேயும் விடும் வால்வு) போடுங்கள்" என்கிறார். இன்னொருவர் "முழுக்கத் தண்ணீர் நிரம்பி பிரஷரில் ஓடும் பைப்புக்குள் காற்று எங்கிருந்து வரும்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பம்ப்ரூம்வாசி

சிரித்தவர் பக்கம்தான் நான். பிரஷர் இருக்கிற லைனில் காற்று இருந்தாலும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டுவிடும். நான் பார்த்துக்கொள்ளும் லைன் 3 கிலோமீட்டர். ஒரு ஏர் வால்வு கிடையாது, பல வருஷமாக ஒரு குறையும் இல்லை. ஏர் வால்வு என்பது நாமே காசு கொடுத்து வாங்கும் கசிவு. பைப்புக்குள் துரு, படிவு ஏதாவது பிடித்திருக்கும், அதைப் பாருங்கள்.

நீட்டலளவை

"காற்று எங்கிருந்து வரும்" என்பது நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வழி, லைனை நிரப்பும்போது. காலிப் பைப் என்றால் அதற்குள் இருப்பது முழுக்கக் காற்று. வேகமாக நிரப்பினால் மேடுகளில் ஒரு பகுதி மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, பம்பின் உறிஞ்சு பக்கம். கிணற்றில் நீர்மட்டம் இறங்கிச் சுழி விழுந்தால் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். வெர்ட்டிகல் டர்பைன் பம்ப் என்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நிலைக்குத்தாக மேலே வரும் குழாயில் (காலம் பைப், column pipe) இருக்கும் காற்று முழுவதும் முதலில் மெயினுக்குள்தான் தள்ளப்படும். மூன்றாவது, பம்ப் திடீரென நிற்கும்போது லைனில் எங்காவது அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போனால், தேய்ந்த ரப்பர் ரிங், கிளாண்ட் பேக்கிங் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். தண்ணீர் வெளியே கசியாத ஜாயின்ட்கூடக் காற்றை உள்ளே விடலாம்.

நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறது. சாதாரண வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில், கனஅளவில் ஏறக்குறைய 2 சதவீதம். அதாவது ஒரு கன மீட்டர் தண்ணீரில் 20 லிட்டர் அளவுக்கு. அழுத்தம் கூடினால் கரைதிறன் கூடும், அழுத்தம் குறைந்தாலோ வெப்பம் ஏறினாலோ குறையும். பம்பில் அதிக அழுத்தத்தில் புறப்பட்ட தண்ணீர் மேட்டில் ஏறும்போது அழுத்தம் குறைகிறது, கரைந்த காற்றில் கொஞ்சம் குமிழியாகப் பிரிகிறது. அந்த 2 சதவீதமும் ஒரே இடத்தில் வந்துவிடாது. ஆனால் இரவு பகலாக ஓடும் லைனுக்குக் கொஞ்சம் கொஞ்சமே போதும். "ஆரம்பத்தில் சரியாக இருந்தது, மெல்ல மெல்லக் குறைந்தது" என்று நீங்கள் சொன்ன அறிகுறி இதற்குப் பொருந்துகிறது.

பம்ப்ரூம்வாசி

வரட்டும் சார், யார் வேண்டாம் என்றார்கள்? தண்ணீர் ஓடுகிற வேகம் அதைத் தள்ளாதா?

நீட்டலளவை

ஏற்றத்தில் தள்ள வேண்டிய அவசியமே இல்லை, குமிழி தானே மேலே போகும். இறக்கத்தில்தான் சிக்கல். தண்ணீர் கீழே இழுக்கிறது, குமிழி மேலேயே நிற்கப் பார்க்கிறது. யார் ஜெயிப்பது என்பது வேகத்தையும் பைப்பின் விட்டத்தையும் பொறுத்தது. இதை 1943-லேயே கலின்ஸ்கி, பிளிஸ் இருவரும் சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பலர் செய்திருக்கிறார்கள். சரிவு, காற்றுப் பையின் அளவு இவற்றைப் பொறுத்து விடைகள் நிறையவே மாறுகின்றன. ஆனாலும் மிதமான சரிவில் பெரிய காற்றுப் பையை நகர்த்த, புவியீர்ப்பு முடுக்கத்தை விட்டத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதில் 0.6 முதல் 0.9 பங்கு வேகமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு கை மதிப்பு கிடைக்கும்.

100 மி.மீ. பைப்பில் அந்த வர்க்கமூலம் நொடிக்கு 1 மீட்டர் பக்கம் வரும். அங்கே 0.6 முதல் 0.9 மீட்டர் வேகம் சாதாரணமாகவே கிடைப்பதால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். 300 மி.மீ.க்கு 1.7 வரும், ஆக 1 முதல் 1.5 மீட்டர் வேகம் தேவை. 1000 மி.மீ. மெயினில் கிட்டத்தட்ட 2 முதல் 2.8. அந்த வேகத்தில் பொதுவாக மெயின் ஓட்டுவதில்லை. பைப் பெரிதாக ஆக, "தண்ணீரே தள்ளிவிடும்" என்ற நம்பிக்கை எடுபடாது.

மேட்டுக்குழாய் சாருடைய லைனில் 180 ஓடும்போதே வேகம் 0.7 மீட்டர்தான். இப்போது 0.6-க்கும் கீழே.

சமன்மட்டம்

வேகக் கணக்கெல்லாம் இருக்கட்டும். எல்.எஸ். வரைபடம் (லைன் நெடுக மேடு பள்ளத்தைக் காட்டும் படம்) இல்லாமல் ஏர் வால்வு பற்றிப் பேசுவது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி. மேடு பள்ளம் எங்கே இருக்கிறது?

மேட்டுக்குழாய்82

பழைய ஃபைலில் இருந்தது. பம்ப் ஹவுஸ் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். 1.9 கி.மீ.யில் முதல் மேடு, மட்டம் 28. அங்கிருந்து 400 மீட்டரில் 17-க்கு இறங்குகிறது. பள்ளத்தில் ஒரு ஸ்கவர் வால்வு (லைனைக் கழுவிக் காலி செய்யும் வால்வு). மறுபடி ஏறி 4.1 கி.மீ.யில் 31. அடுத்த 250 மீட்டரில் 24-க்கு இறக்கம். அங்கேயும் ஸ்கவர் வால்வு உண்டு. பிறகு தொட்டி வரை ஏற்றம்தான். முதல் மேட்டில் ஏர் வால்வுக் குறி இருக்கிறது. இரண்டாவதில் எதுவும் இல்லை.

நீட்டலளவை

அருமை. இனிமேல் ஊகமே வேண்டாம், கேஜை வைத்துக் கேட்டுவிடலாம்.

பைப்பின் வழவழப்பைக் குறிக்கும் சி மதிப்பு 130 வைத்து ஹேசன் வில்லியம்ஸ் உராய்வுச் சூத்திரம் போட்டால், 180-ல் உராய்வு கிலோமீட்டருக்கு 1.78 மீட்டர். மொத்தம் 10.7. அதோடு 35 சேர்த்தால் 46. உங்கள் பழைய கேஜ் அதுதான். இப்போது 150 ஓடுகிறது, உராய்வு கிலோமீட்டருக்கு 1.27, மொத்தம் 7.6. கேஜ் 43 பக்கம் காட்ட வேண்டும். 58 காட்டுகிறது. 15 மீட்டர் ஹெட் எங்கோ காணாமல் போகிறது.

மேட்டில் காற்று சேர்ந்தால் அது உச்சியில் உருண்டையாக உட்கார்ந்திருப்பதில்லை. இறக்கத்தின் பக்கமாகப் பைப்பின் மேல்பாதியில் நீண்டு படுத்துக்கொள்ளும். தண்ணீர் அதற்கு அடியில், வாய்க்காலில் ஓடுவதுபோலச் சரிந்து ஓடிக் காற்றுப் பையின் வாலில் குதித்து மீண்டும் பைப்பை நிரப்பும். பைக்குள் எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றே. அதனால் அந்த இறக்கத்தில் திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய உயரம் கிடைப்பதில்லை. பை 9 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு நீண்டிருந்தால் 9 மீட்டர் ஹெட் போச்சு. அடுத்த மேட்டில் இன்னொன்று இருந்தால் அதுவும் இதோடு கூடும். மேடுகள் நிறைய உள்ள லைனில் இப்படிக் கூடிக்கூடிப் பம்பின் ஷட் ஆஃப் ஹெட்டை (ஓட்டமே இல்லாதபோது பம்ப் தரும் ஹெட்) தொட்டு, தண்ணீரே நின்றுபோவதும் உண்டு. பம்ப் ஓடும், கேஜ் முழுசாகக் காட்டும், தொட்டியில் ஒரு சொட்டு விழாது.

உங்கள் இரண்டு இறக்கங்களும் 11 மற்றும் 7 மீட்டர். மொத்தம் 18. காணாமல் போன 15 அதற்குள் அடங்குகிறது. இரண்டு ஸ்கவர் வால்வுகளிலும் கேஜ் மாட்டிப் பாருங்கள். காற்று இல்லையென்றால் முதல் பள்ளத்தில் 23 மீட்டர், இரண்டாவதில் 13 மீட்டர் காட்ட வேண்டும்.

பம்ப்ரூம்வாசி

படிவு இருந்தாலும் ஹெட் கூடத்தான் கூடும்.

நீட்டலளவை

கூடும். ஆனால் படிவு லைன் நெடுகப் பரவி இருக்கும், நஷ்டமும் கிலோமீட்டர் கணக்கில் பரவும். காற்று ஒரே இடத்தில் படியாக விழும். அதற்காகத்தான் இடையில் கேஜ் மாட்டச் சொல்கிறேன்.

மேட்டுக்குழாய்82

மாட்டிப் பார்த்தாயிற்று. இரண்டாவது பள்ளத்தில் 13, அச்சு அசலாக. முதல் பள்ளத்தில் 23-க்குப் பதில் 29.

சமன்மட்டம்

அப்படியானால் தொட்டியிலிருந்து இரண்டாவது மேட்டின் இறக்கம் வரை லைன் சுத்தம். இரண்டாவது மேட்டில் 6 மீட்டர் போகிறது. மீதி 9 மீட்டர் அதற்கு முன்னால், அநேகமாக முதல் மேட்டில். அங்கே இருக்க வேண்டிய ஏர் வால்வு எங்கே? போய்ப் பாருங்கள்.

பழைய_ஓவர்சீயர்

போகும் முன் ஒரு எச்சரிக்கை. கிடைத்தவுடன் ஆவேசமாகத் திறந்துவிடாதீர்கள். அங்கே காற்று இரண்டரை பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய 10 மீட்டர் ஹெட்) மேல் அழுத்தத்தில் இருக்கும். பெரிய துளை வழியாகச் சடாரென்று விட்டால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஓடிவந்து மோதும், பைப்போ வால்வோ உடையும். சின்னத் துளை, கால் சுற்று, பொறுமை. முகத்தை வால்வுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

மேட்டுக்குழாய்82

ஓவர்சீயர் ஐயா, சொன்னபடியே செய்தோம்.

முதல் மேட்டில் சேம்பர் மூடி மண்ணுக்குள் புதைந்திருந்தது. உள்ளே ஏர் வால்வு இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் உள்ள ஸ்லூயிஸ் வால்வு (திறந்து மூடும் அடைப்பு வால்வு) இறுக்கி மூடப்பட்டிருக்கிறது! எப்போதோ ஒழுகியிருக்கிறது, யாரோ மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்பிண்டில் துருப்பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் அசைத்தோம். வால்வு உடலில் பக்கவாட்டில் ஒரு சின்னக் காக் இருந்தது, அதைக் கொஞ்சமாகத் திறந்தோம். முதலில் சீறல், ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே சுருதியில். பிறகு விட்டுவிட்டுத் துப்பல், பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர். டம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தது. கடைசியில் ஒரே சீராகத் தண்ணீர்.

பம்ப் ஹவுஸுக்கு போன் செய்தேன். கேஜ் 50, ஃபுளோ மீட்டர் 168.

நீட்டலளவை

கணக்கு சரியாக வருகிறது. 168-ல் உராய்வு 9.4, அதோடு 35, இரண்டாவது மேட்டில் இன்னும் இருக்கும் 6. மொத்தம் 50.

பம்ப்ரூம்வாசி

சரி, இந்த லைனுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் லைனில் ஏன் தொல்லை இல்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சமன்மட்டம்

உங்கள் லைன் பம்ப் முதல் தொட்டி வரை ஏற்றமாகவே போகிறதா?

பம்ப்ரூம்வாசி

ஆமாம், மலையடியிலிருந்து நேராக மேலே.

சமன்மட்டம்

அவ்வளவுதான் விஷயம். திறந்த தொட்டியே உங்களுக்கு ஏர் வால்வு. காற்றை வெளியே விட என்று இடையில் எதுவும் தேவையில்லை, நீங்கள் சொன்னது உங்கள் லைனுக்கு முற்றிலும் சரி. வீட்டு இணைப்புகள் நெருக்கமாக இருக்கும் தெருக் குழாய்களுக்கும் அப்படித்தான், காற்று குழாய்கள் வழியாகவும் ஹைட்ரன்ட் வழியாகவும் போய்விடும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் இடத்தில் அந்தக் காற்று வீட்டு மீட்டரையும் சுற்றிவிட்டுப் போகும் என்பது தனிக் கதை.

ஆனால் காற்றை உள்ளே விடும் வேலை ஒன்று இருக்கிறதே. உங்கள் லைன் அடியில் உடைந்தாலோ, ஸ்கவரைத் திறந்து வேகமாகக் காலி செய்தாலோ மேலே வெற்றிடம் உருவாகும். பைப் என்ன ரகம்?

பம்ப்ரூம்வாசி

எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் எஃகு) பைப், 1000 மி.மீ., 6 மி.மீ. தகடு. தரைக்கு மேலே தாங்கிகளில் போகிறது.

நீட்டலளவை

அதைக் கொஞ்சம் கவனியுங்கள். வளையம் எதுவும் இல்லாத மெல்லிய எஃகுப் பைப்பில் விட்டம் தடிமனைப்போல் 165 மடங்கைத் தாண்டினால், கோட்பாட்டுக் கணக்கில் முழு வெற்றிடமே அதை நசுக்கிவிடும். உங்களுடையது 167. இதே 1000 மி.மீ. பைப் துருவால் 5 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டால் 0.57 பார் வெற்றிடமே போதும். பைப் முழு வட்டமாக இல்லாவிட்டால் இன்னும் குறைவிலேயே. உள்ளே 10 பார் தாங்கும் பைப் வெளியிலிருந்து வரும் ஒரு பாருக்குக் குறைவான அழுத்தத்தில் சப்பிப்போவதை நம்புவது கடினம்தான். வேண்டிய இடத்தில் காற்றை உள்ளே இழுக்கும் வால்வு இருந்தால் இந்தக் கவலை இல்லை.

பம்ப்ரூம்வாசி

தடிமன் அளந்துவிட்டு வருகிறேன்.

மேட்டுக்குழாய்82

இரண்டாவது மேட்டுக்கு என்ன வால்வு வாங்குவது? கடைக்காரர் ஒற்றைத் துளை, இரட்டைத் துளை, கைனெடிக் என்று மூன்று பெயர் சொல்கிறார். பெரியதாக ஒன்று போட்டால் போதாதா?

நீட்டலளவை

போதாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பெரிய துளை 50 மி.மீ. என்று வையுங்கள், பரப்பு 1,963 சதுர மி.மீ. லைனில் 10 பார் இருந்தால் மிதவைப் பந்தைத் துளையோடு சேர்த்து அழுத்தும் விசை கிட்டத்தட்ட 200 கிலோ. பந்துக்கு அடியில் தண்ணீர் இறங்கிக் காற்று வந்தாலும் பந்து தன் எடையால் கீழே விழாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரிய துளை லைன் நிரம்பும்போதும் காலியாகும்போதும் மட்டும்தான் வேலை செய்யும். ஓடும்போது சேரும் காற்றுக்கு 3 மி.மீ. மாதிரி சின்னத் துளை வேண்டும். அதே 10 பாரில் அங்கே விசை 0.7 கிலோதான், மிதவையும் நெம்புகோலும் சேர்ந்து திறந்துவிடும்.

இரண்டும் ஒரே உடலில் இருப்பதுதான் இரட்டைத் துளை வால்வு. கைனெடிக் என்பது பெரிய துளையில் ஒரு ரகம். காற்று வேகமாக வெளியேறும்போது பந்தைத் தூக்கிப் பாதியிலேயே மூடிவிடாதபடி செய்தது. சின்னத் துளையும் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் இரண்டு மேடுகளிலும் இரட்டைத் துளை வேண்டும். 0.7 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் கரண்ட் போய் நின்றால், பைப்பில் அழுத்த அலை பரவும் வேகம் நொடிக்கு 1,100 மீட்டர் என்று வைத்தாலும் பம்ப் முனையில் ஹெட் 78 மீட்டர் வரை சரியப் பார்க்கும். மேட்டில் உங்களுக்கு இருப்பதோ 7, 14 மீட்டர். வெற்றிடம் நிச்சயம், காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும்.

பழைய_ஓவர்சீயர்

இங்கேதான் பெரிய வால்வு ஆசை ஆபத்தாகிறது. உள்ளே வந்த காற்று திரும்பி வரும் தண்ணீரால் சரசரவென்று வெளியேறும். கடைசிக் காற்று போனதும் பந்து படீரென்று மூடும். அந்த நொடியில் தண்ணீர் எந்த வேகத்தில் வந்ததோ அதற்கேற்ற வாட்டர் ஹாமர் (திடீரென நிற்கும் தண்ணீரின் அழுத்த அடி). காற்று உள்ளே வரும் வழி அகலமாகவும், வெளியே போகும் வழி கடைசியில் குறுகலாகவும் இருக்கும் ரகம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். லைனை நிரப்பும்போதும் நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

கால்வாய்க்கரை

500 மீட்டருக்கு ஒன்று போட வேண்டும் என்று எங்கள் ஸ்பெசிபிகேஷனில் இருக்கிறதே?

சமன்மட்டம்

அது மேடு பள்ளம் தெரியாத நீண்ட சமதளத்துக்கும், நீண்ட ஒரே சரிவுக்கும் சொல்வது. 400 முதல் 800 மீட்டருக்கு ஒன்று என்பது வழக்கம். அதற்காக டேப்பைப் பிடித்து அளந்து பள்ளத்தில் கொண்டுபோய் ஏர் வால்வு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் மேடுகள். அப்புறம் இறக்கம் திடீரென்று செங்குத்தாகும் இடம், ஏற்றம் திடீரென்று தணியும் இடம். பம்பை அடுத்து, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் ஒன்று. சமதளமாக இருந்தால் பைப்பைப் படுமட்டமாகப் போடாமல், ஏறும்போது 500-க்கு 1, இறங்கும்போது 300-க்கு 1 என்று லேசான சரிவு கொடுத்துப் பதித்தால் காற்றுக்குப் போகும் இடம் தெரியும்.

போடக் கூடாத இடமும் உண்டு. கிராவிட்டி லைனில் பைப் எச்.ஜி.எல். கோட்டுக்கு (ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்று காட்டும் கோடு) மேலே ஏறும் மேடு இருந்தால் அங்கே சைபனாகத்தான் ஓடுகிறது. சாதாரண ஏர் வால்வு வைத்தால் காற்றை உள்ளே இழுத்து ஓட்டத்தையே அறுத்துவிடும். கோட்டுக்குச் சற்றே கீழே இருந்தாலும் வால்வு ஒழுகும். பந்து சரியாக உட்காரப் பல வால்வுகளுக்கு 0.2 பாராவது வேண்டும்.

மேட்டுக்குழாய்82

கடைசியாக ஒன்று. முதல் மேட்டுச் சேம்பரில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் அடையாளம் சுவரில் தெரிகிறது. பழைய வால்வின் வாய் அந்த அடையாளத்துக்குக் கீழே இருக்கிறது.

பழைய_ஓவர்சீயர்

அப்படியே விடாதீர்கள். அது குடிதண்ணீர் மெயின். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் வால்வு காற்றுக்குப் பதில் அந்தச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். வால்வின் வாயிலிருந்து ஒரு பைப்பை வெள்ளக் கோட்டுக்கு மேலே கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டுங்கள். பைப்பின் விட்டம் வால்வின் வாயைவிடச் சிறுக்கக் கூடாது. சேம்பர் அடியில் வடிகாலும் வேண்டும்.

அடியில் இருக்கும் ஸ்லூயிஸ் வால்வை முழுக்கத் திறந்து வைத்து, அது திறந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். மறுபடி ஒழுகினால் மூடிவிட்டுப் போகாமல் பந்தையும் ரப்பர் சீட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கால்வாசி ஒழுகலுக்கு ஒரு மணல் துகள்தான் காரணமாக இருக்கும்.

பம்ப்ரூம்வாசி

அளந்தாயிற்று. மேல் முனையில் பல இடங்களில் 5.2, ஒரு இடத்தில் 4.8. வெற்றிட வால்வுக்கு என்ன அளவு போடலாம் என்று தனி இழை தொடங்குகிறேன், நீட்டலளவை சார் அங்கே வரவும்.